மூன்றாம் பக்கமும் பதினேழாம் விதியும்

சிவமயம்

ஒனிஹங்கா, ஆக்லாந்து
ஈசுவர வருடம், ஆடி 18
(3.8.1997)

கங்கை என்னும் நங்கையைச் சென்னியிலே ஏற்று, அவள் பெருகிய வேகத்தையும் தன் சடைக்குள்ளே அடக்கிய பெருமானை வணங்கி இம்மடலைத் தொடங்குகின்றேன். நீரையும் பெண்ணையும் ஒருசேரத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய அவனுக்கு அறுபது ஆண்டுகளாகப் பூ எடுத்து வைத்த நானே, பெண்கள் நீரில் இறங்கலாகாது என்று விதி எழுதிக் கையொப்பமும் இட்டேன். அவன் பொறுத்தருள்க. நீ பொறுப்பாயோ என்பதை முழுவதும் வாசித்தபின் சொல்.

அன்பு மகள் நிருஜாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ரஜிதனும், உன் வயிற்றில் வளர்ந்து தை மாதத்தில் முகங்காட்ட இருக்கும் குழந்தையும் ஒரு குறையும் இன்றி இருக்கத் திருவருளை வேண்டுகின்றேன். இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் சுகம். மானத்தளவில் ஒருவருக்கு மட்டும் சற்றுக் குறைவு, அவர் யார் என்பது கீழே வரும். உன் தம்பி ஆரணன் பக்குரங்காவில் ஒரு வீடு பார்த்து வைத்து, பகல் முழுவதும் வங்கிக்காரனோடு மோட்கேஜ் கதைக்கிறான், வீட்டில் எங்களோடு கதைப்பதற்கு அவனிடம் மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. மழை மூன்று கிழமையாக விடவில்லை. சென்ற ஞாயிறு நீ தொலைபேசியில், முகாம் எப்படி நடந்தது என்று கேட்டபோது நான் "நன்று" என்று ஒரே சொல்லோடு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், அம்மாவோ வாய்விட்டுச் சிரித்து, "அதை அப்பா எழுதுவார், எழுதத்தான் வேணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். கச்சேரி அலுவலகத்திலே முப்பத்தாறு வருடம் பிரதம லிகிதராக, 'சீஃப் கிளாக்' என்ற சி.சி.யாக இருந்து, அரசாங்க அதிபர்களின் பிழைகளையெல்லாம் அவர்கள் பெயர் வாராமல் எழுதிக் கொடுத்தவன் நான். என் பிழையை என் பெயரோடு எழுதுவது இதுவே முதன்முறை, ஆதலால் நடை சற்றுத் தடுமாறும்.

நீ மாசி மாதத்தில் அனுப்பிய கடிதத்திலிருந்தே எல்லாம் தொடங்கியது. நீ பிசியோதெரபி பார்க்கும் மருத்துவமனைக்கு அருகே, புளோரிடா வெயிலிலே, ஆமிஷ் என்றும் மெனனைட் என்றும் சொல்லப்படும் விரதக்காரக் கிறிஸ்தவர்கள் குளிர்காலந்தோறும் வந்து தங்கும் சின்னஞ்சிறு குடியிருப்பு ஒன்று இருப்பதாக எழுதியிருந்தாய். மின்சாரத்தையும் மோட்டார் வண்டியையும் வீட்டுக்கு ஆகாதவை என்று ஒதுக்கிக் குதிரை வண்டியில் வயலுக்குப் போகும் அந்த மக்கள், வடக்கே பனி விழத் தொடங்கியதும் பஸ் பிடித்து அங்கே வந்து இறங்குவதையும், பஸ் வரும் நேரம் அறிந்து தெருவே திரண்டு எதிர்கொள்வதையும், மீசையின்றித் தாடி மட்டும் வளர்த்த கிழவர்களும் தலையில் வெள்ளைத் துணி கட்டிய கிழவிகளும் மூன்று சில்லுச் சைக்கிளில் வீதிவலம் வருவதையும், தொப்பி விளிம்பின் அகலத்தைக் கொண்டே இவர் இன்ன ஊர், இன்ன கூட்டம் என்று தமக்குள் கணித்துக்கொள்வதையும் இரண்டு பக்கங்களில் படம் பிடித்ததுபோல் எழுதியிருந்தாய். மூன்றாம் பக்கத்தில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, அம்மாவின் முழங்கால் வாதத்துக்கு மருந்தைக் காட்டிலும் வெந்நீர்க் குளத்தில் நடப்பதே மேல், எப்படியாவது இறக்குங்கள் என்ற உன் வேண்டுகோள். மற்றையது, அந்த விரதக்காரர்கள் அங்கே வருவது விரதத்தை இறுக்குவதற்கன்று, சற்றே தளர்த்திக்கொள்வதற்கு என்ற செய்தி. நம் சைவ சபையிலே உன் கடிதத்தை வாசிக்கும்படி கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் கொடுக்குமுன் நான் எழுந்து முதல் இரண்டு பக்கங்களையும் உரத்து வாசித்தேன். மூன்றாம் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அம்மாவின் முழங்கால் குடும்ப விடயம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். விரதக்காரர் தளர்கிறார்கள் என்ற செய்தியோ, ஏற்கெனவே தளர்ந்து கிடக்கும் நம் சபைக்கு உகந்ததன்று என்று நானே தணிக்கை செய்தேன். லிகிதர் புத்தி.

வாசித்து முடித்ததும் தலைவர் விநாயகமூர்த்தி எழுந்தார். பாபகூராவில் மளிகைக் கடை வைத்திருக்கிறாரே, அவரேதான். கடையில் உள்ள மிளகாய்த்தூள் எல்லாம் அவருடைய குரலில் ஏறியிருந்தது. "வெள்ளைக்காரனே இப்பிடி ஒழுக்கமாய் இருக்கிறான், நாங்கள் என்ன அவனிலும் குறைஞ்சவங்களோ? இந்தக் குளிர்காலமே நாங்களும் ஒண்டு வைப்பம், ரீவி இல்லை, இறைச்சி இல்லை, இங்கிலீசு இல்லை. சி.சி., நீங்கள் விதியை எழுதுங்கோ!" என்றார். பின்வரிசையில் இருந்த தவராசா, வான் ஓட்டுகிறவர், சபையில் அவர் ஒருவர்தாம் வீதியின் வெப்பதட்பம் அறிந்தவர், மெல்ல எழுந்து, "தலைவர், அவங்கள் குளிருக்குப் பயந்து வெய்யிலுக்கெல்லோ ஓடுறாங்கள்? நாங்கள் ஆடி மாதக் குளிருக்குள்ளை எங்கை ஓடுறது?" என்று கேட்டார். விநாயகமூர்த்தி என் பக்கம் திரும்பி, "குளிர்காலம் எண்டு கடிதத்திலை இருக்குதோ, இல்லையோ?" என்றார். இருக்கிறது என்றேன். பூகோளம் அத்துடன் தீர்ந்தது. அந்த மக்கள் குளிரை விட்டு ஓடினார்கள், நாங்கள் குளிரை விலாசம் விசாரித்துத் தேடிப் போனோம்.

இடம் தெரிவுசெய்த அழகையும் கேள். தலம் என்றால் தீர்த்தம் வேண்டும் என்று தலைவர் பிடிவாதமாக நின்று, நகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், தகரக் கூரை போட்ட மரக்குடில்களும் பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரை நிரப்பிய ஒரு குளமும் உள்ள முகாமை வாடகைக்கு எடுத்தார். கோடைகாலத்தில் நிரம்பி வழியுமாம், ஆடியில் ஈக்களும் வாரா. அந்தக் குளமே நமக்குத் தீர்த்தம் ஆயிற்று. பிறகு நான் விதி எழுத உட்கார்ந்தேன். மகளே, எழுதியதில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை. ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடங்களுக்குப் பின் ஒரு சுற்றுநிருபம்! நாற்பத்தொரு விதிகள். ஆறாம் விதி மின்சார ஹீட்டரை விலக்கியது. ஒன்பதாம் விதியில் றைஸ் குக்கர் வருமா என்று செயற்குழு இரண்டு மணி நேரம் வாதாடி, சுவாமிக்கு நைவேத்தியம் அதிலேதான் ஆகிறது என்ற காரணத்தால் அதற்கு மோட்சம் கொடுத்தது. பன்னிரண்டாம் விதி தொலைபேசியை விலக்கியது, தலைவரின் செங்கல் அளவான கைத்தொலைபேசியை மட்டும் 'நிர்வாக அவசியம்' என்று காத்தது. பதினேழாம் விதி வருமாறு: 'ஆடவர் காணத்தக்க பொது நீர்நிலையில் மகளிர் இறங்கி நீராடுதல் சைவ ஒழுக்கத்திற்கு ஏலாது.' இந்த வாக்கியத்தை நான் மூன்று முறை திருத்தினேன். ஓசை வந்த பிறகே விட்டேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் வெங்காயம் உரித்தபடியே, "கீரிமலையிலை பொம்பிளையளுக்கு எண்டு தனிக் கேணி கட்டினவையெல்லோ? அவை சைவர் இல்லையோ?" என்று கேட்டார். இங்கே தனிக் கேணி இல்லையே என்றேன். "அப்ப எங்களை ஏன் சுடுதண்ணிக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போறியள், மோந்து பாக்கவோ?" என்றார். விதி எல்லார்க்கும் பொது என்று மட்டும் சொன்னேன், அது எல்லார்க்கும் பொதுவன்று என்பது அந்த வாக்கியத்திலேயே எழுதிக் கிடந்தும்.

இவ்வளவும் பங்குனி, சித்திரையில் நடந்தவை. ஆனியில் உன் நற்செய்தி வந்தது. அன்று மாலையே அம்மா, பிள்ளைப்பேற்றுக்குத் தான் அங்கே வந்து நிற்பதாகவும், பத்தியச் சாப்பாட்டுக்குச் சரக்கு அரைத்து எடுத்து வருவதாகவும் தீர்மானித்துவிட்டார். தாய் வாராமல் நீ பிள்ளை பெறுவது என்பது அவருக்கு விளங்காத விடயம். ஆனால் இங்குள்ள டாக்டர் முழங்காலை மடக்கிப் பார்த்து, மடங்காததைக் கண்டு, இந்தக் காலோடு இருபது மணி நேரம் விமானத்தில் இருக்க விடமாட்டேன், ஐப்பசியில் மறுபடி பார்ப்பேன், அதற்குள் வெந்நீரில் நடந்து பழகு, மடங்கினால் போகலாம் என்று சொல்லிவிட்டார். நீ சொன்ன அதே வெந்நீர். அன்றைக்கே பதினேழாம் விதியை நான் அடித்திருக்க வேண்டும். பேனா என் சட்டைப்பையிலேயே இருந்தது. ஆயினும் விதிகள் தட்டெழுதி, நாற்பது பிரதி எடுத்து, வீடு வீடாய்க் கொடுத்தாயிற்று. அச்சேறிய ஒன்றைத் திருத்தினால் என் கௌரவம் என்னாவது? உன் அம்மாவின் முழங்கால் ஒரு பக்கம், என் சுற்றுநிருபம் ஒரு பக்கம். நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகின்றேன்.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை, ஒன்பது குடும்பமாய்ப் போய் இறங்கினோம். புளோரிடாவில் பஸ்ஸை எதிர்கொள்வது போலத் தலைவரின் வாகனத்தை எல்லாரும் நிறைகுடத்தோடு எதிர்கொள்ள வேண்டும் என்பது மூன்றாம் விதி. அவர் வழி தவறி இரண்டு மணி நேரம் பிந்தி வந்தார். அதுவரை மழையில் நின்றோம், குடம் நிறைந்து வழிந்தது. ஆண்கள் வெள்ளை வேட்டியும் சால்வையும் என்பது நான்காம் விதி. ஆகவே வேட்டிக்குக் கீழே கம்பளிக் காற்சட்டை, சால்வைக்கு மேலே ஜேர்சி, தலையில் குரங்குத் தொப்பி. தவராசா வேட்டியை மடித்துக் கட்டி றப்பர்க் கம்பூட்ஸ் போட்டு நின்ற கோலத்தை, வழக்கு முடியாத காணிக்கு மதில் பார்க்க வந்தவர் என்று சொல்லலாம். முகாமைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்கார அம்மையார் என்னிடம் வந்து மிகுந்த மரியாதையோடு, இது கலியாணமா அல்லது செத்த வீடா, எதுவென்று தெரிந்தால் அதற்கேற்ப நடந்துகொள்வேன் என்று கேட்டார். விடுமுறை என்றேன். ஐயோ பாவம் என்ற முகத்தோடு போய்விட்டார். அந்த விரதக்காரர்களுக்குத் தொப்பி விளிம்பு. எங்களுக்குத் திருவிளக்குக்கு எத்தனை சாண் தூரத்தில் யார் உட்காருவது என்ற கணக்கு. முதல்நாள் பசனையில் அதற்காகவே இரண்டு குடும்பங்கள் முகங்கொடாமல் போயின. செவ்வாய்க்கிழமை மத்தியானம், வானுக்குப் பற்றரி பார்க்கப் போகிறேன் என்று சொல்லித் தவராசா போனார். அவருக்கு உதவி செய்ய நான்கு பேர் போனார்கள். ஐந்து பேரும் வானின் கதவைச் சாத்திக்கொண்டு ஹீட்டரையும் போட்டு ரேடியோவில் றக்பி வர்ணனை கேட்டதைத் தலைவர் கண்டுபிடித்தது எப்படி என்றால், அவர் போன நோக்கமும் அதுவே. சிறுவர்கள் தமிழில் மட்டும் கதைக்க வேண்டும் என்ற விதியால் முகாமில் சிறுவர் சத்தமே இல்லாமற்போயிற்று. அதைப் பார்த்துத் தலைவர், "எவ்வளவு அமைதி பாத்தியளோ!" என்றார்.

இந்த வேடிக்கை எல்லாவற்றுக்கும் கூலியை உன் அம்மாவின் முழங்கால் கொடுத்தது. ஹீட்டர் இல்லாத தகரக் குடிலில் இரண்டு இரவு கிடந்தபின், புதன் காலை அவரால் கட்டிலை விட்டு எழும்ப இயலவில்லை. முழங்கால் இரண்டும் வீங்கி விளாங்காய்போல் இருந்தன. அடுத்த குடிலில் இருந்த கண்மணி, அவள் கணவன் பழனிவேல் கம்ப்யூட்டர் வேலை செய்கிறான், சேலத்துப் பிள்ளைகள், வெந்நீர்ப் பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வந்தவள் என்னைப் பார்த்து, "அங்கிள், நூறு அடியில அவ்வளவு பெரிய வெந்நீர்த் தொட்டி இருக்கு, நான் இங்க பை பையா காச்சிட்டு இருக்கேன். இது உங்களுக்கே நல்லா இருக்கா?" என்று கேட்டாள். வயதில் உன்னிலும் இளையவள். விதியைச் சொன்னேன். "ஆமா, அந்த விதிய எழுதினது யாரு, பிரம்மாவா?" என்றாள். அம்மா அவளைச் சத்தம் போடாதே என்று அடக்கிவிட்டு என்னிடம் திரும்பினார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வெகு நிதானமாக, "இஞ்சாருங்கோ, உங்கடை விதி என்ரை முழங்காலுக்குத் தமிழ் தெரியாததாலை விளங்கேல்லைப்போலை. அதுக்கு விளங்கிற ஒரே பாஷை சுடுதண்ணி. தையிலை பிள்ளை பெறப்போறது உங்கடை பிள்ளையும்தான்" என்றார். நான் பூசைக்கு நேரமாயிற்று என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். பூசையில் என்ன ஓதினேன் என்பது நினைவில்லை.

மறுநாள், வியாழக்கிழமை பிற்பகல், பொதுமண்டபத்தில் எல்லாரையும் கூட்டிவைத்துத் தலைவர் சொற்பொழிவு செய்தார். பொருள் உன் விரதக்காரர்கள். அவர்களை அவர் ஒருநாளும் கண்டதில்லை, எனினும் அவர்கள் விடியுமுன் எழுந்து குளிர்நீரில் முழுகுவதாகவும், விடுமுறையிலே ஒருவேளை மட்டும் உண்பதாகவும், பெண்கள் நிலம் பார்த்தே நடப்பதாகவும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினார். "சி.சி.யின்ரை மகள் கண்ணாலை கண்டு எழுதினவ!" என்று நடுநடுவே சாட்சிக்கு உன்னை இழுத்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பெண்கள் வரிசையிலிருந்து உன் அம்மா எழுந்தார். ஒரு கை கண்மணியின் தோளில், மறு கையில் ஒரு தாள். என் சட்டையைத் துவைக்க எடுத்த அன்றே பையிலிருந்து எடுத்து, மாசியிலிருந்து ஆடி வரை தன் கைப்பையில் வைத்திருந்திருக்கிறார், எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல். "தலைவர், கடிதத்திலை இன்னும் ஒரு பக்கம் இருக்குது. அவர் அண்டைக்கு வாசிக்க மறந்துபோனார். நான் வாசிக்கட்டோ?" என்றார். மறந்துபோனார் என்றார், மகளே. அந்தச் சொல்லால் அவர் எனக்குச் செய்த தயவை நினைக்கும்தோறும் எனக்குக் கூசுகிறது.

நீ எழுதியதை உனக்கே திருப்பி எழுதுகின்றேன், அவர் வாசித்த குரலில் அது வேறொன்றாய்க் கேட்டது. அந்தச் சனங்கள் இங்கே வந்தால் வாடகை வீட்டில் இருக்கிற மின்விளக்கைப் போட்டுக்கொள்ளுகிறார்கள், வீட்டில் வைத்திருக்கக் கூடாத குளிர்ப்பெட்டியிலிருந்து ஐஸ்கிறீம் எடுத்துச் சாப்பிடுகிறார்கள், ஊரிலே ஒருவரோடு ஒருவர் கதையாத கூட்டத்தார் இங்கே ஒரே களத்தில் வட்டுத் தள்ளும் விளையாட்டு விளையாடுகிறார்கள், எழுபது வயதுக் கிழவி ஒருத்தி பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு கடலுக்குள் நின்று குழந்தைபோல் கத்தினாள், ஏனம்மா என்று கேட்டதற்கு, கடவுள் வீட்டிலும் இருக்கிறார் இங்கேயும் இருக்கிறார், எங்கள் மூப்பர்தாம் வீட்டில் மட்டும் இருக்கிறார் என்றாள், அம்மா, நீங்களும் அப்படி ஒரு வெந்நீரில் இறங்கவேணும், அப்பாவிடம் சொல்லுங்கோ. இவ்வளவுதான். முதலில் சிரித்தவர் தவராசா. பிறகு பெண்கள் வரிசை. பிறகு, மூன்று நாளாய்ச் சத்தமில்லாதிருந்த சிறுவர்கள், எதற்கென்று தெரியாமலே. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னை நேரே பார்த்து, "சி.சி., இந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். நாள்தோறும் பொய்யா விளக்கே என்று என் இறைவனைக் கைகூப்பி அழைக்கின்ற வாயால் இல்லை என்று சொல்ல எவ்வளவோ வசதி இருந்தது, அம்மாவே அந்தக் கதவைத் திறந்துவிட்டிருந்தார். தெரியும் என்றேன். மறக்கவில்லை, மறைத்தேன் என்றேன். "அப்ப நாங்கள் நாலு நாளாய் இஞ்சை விறைச்சது ஆருக்காக?" என்று தவராசா கேட்டார். நியாயமான கேள்வி. கச்சேரியில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி.

அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கண்மணியோடு மெல்ல மெல்லக் குளத்துக்கு நடந்தார். சீலையோடு இறங்க முகாமில் விடமாட்டார்கள், ஆதலால் கண்மணியின் கறுத்தக் காற்சட்டையும், பழனிவேலின் கம்பனிப் பெயர் முதுகில் பெரிதாய் எழுதிய ரீசேட்டும். அறுபத்துமூன்று வயதில் உன் அம்மா ஒரு கம்ப்யூட்டர் கம்பனியின் விளம்பரமாய்த் தீர்த்தக்கரைக்கு வந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது, தண்ணீரிலிருந்து ஆவி எழுந்து அவரைப் பாதி மறைத்தது. "ஆன்ட்டி, கைய விடாதீங்க, ஒரு படி, இன்னொரு படி" என்று கண்மணி சொல்லச் சொல்ல இறங்கினார். முழங்கால் மூழ்கியது, இடுப்பு மூழ்கியது, தோள்வரை தண்ணீர் வந்தது. அப்புறம், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை மடக்கினார். மடங்கியது. இடது காலையும் மடக்கினார். சென்ற தைப்பூசத்துக்குப் பின் அந்தக் கால்கள் மடங்கி நான் கண்டதில்லை. அவர் சிரித்த சிரிப்பை எழுத எனக்குத் தமிழ் போதாது, போதாமல் இருப்பதே நல்லது. நான் அவர் ஈரம் துடைக்கத் துவாயைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். என்னைக் கண்டதும் உரத்து, "ஏன் நிண்டு விறைக்கிறியள்? பதினேழாம் விதி பொம்பிளையளுக்கு மட்டும்தானே, ஆம்பிளையளுக்குத் தடையில்லை, இறங்குங்கோவன்!" என்றார். குளக்கரை முழுவதும் சிரித்தது. வேட்டியைத் தூக்கிச் செருகிப் படியில் உட்கார்ந்து காலை நீரில் வைத்தேன். மகளே, நான்கு நாளாய்ப் பெருவிரல் இருக்கிறது என்பதே எனக்கு மறந்திருந்தது. அன்று மாலை விதிப் பிரதியின் பின்புறத்தில் இதை எழுதினேன், வெண்பா இலக்கணம் பிழையில்லை, பொருளிலும் பிழையில்லை:

வெந்நீர்க் குளமிருக்க வேலி விதித்தவன்யான்
அந்நீரில் ஆழ்ந்தாள் அவள்.

அவளுக்கு, உன் அம்மாவுக்கு, வாசித்துக் காட்டினேன். "நல்லாய் இருக்குது, ஆனால் ஓசைக்காக எழுதினியளோ, உண்மைக்காக எழுதினியளோ?" என்று கேட்டார். இரண்டுக்கும் என்றேன். "அப்ப அந்த விதியையும் அடியுங்கோ" என்றார். பதினேழாம் விதியைப் பேனாவால் அடித்து, அருகே கையொப்பமிட்டு, திகதியும் போட்டு, மண்டபக் கதவில் ஒட்டினேன். வெள்ளிக்கிழமை ஒன்பது குடும்பத்துப் பெண்களும் குளத்தில் இருந்தார்கள். ஆறாம் விதியை ஒருவரும் அடிக்கவில்லை, ஆயினும் எல்லாக் குடிலிலும் ஹீட்டர் எரிந்தது. விநாயகமூர்த்தி இரண்டு வேளை தம் குடிலை விட்டு வெளிவரவில்லை. பிற்பகல், பெண்கள் கரையேறியபின், குளத்தின் பக்கம் யாரோ கடை ஆளோடு கடுகு விலை கதைக்கும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், தலைவர் கழுத்துவரை நீரில், அந்தச் செங்கல் தொலைபேசியை ஒரு கையால் ஆகாயத்துக்கு உயர்த்தி, கங்கையைச் சடையில் தாங்கியதுபோல் தாங்கிக்கொண்டு நிற்கிறார். என்னைக் கண்டு, "நிர்வாக அவசியம், சி.சி." என்றார். வரும் ஆண்டும் முகாம் உண்டு என்று அங்கேயே அறிவித்துவிட்டார். தை மாத வெயிலிலாம். பூகோளம் மீண்டும் திறந்தது. விதி எழுத வேறு ஆள் பார்க்கட்டும் என்றேன். எழுதுவதற்கு ஒன்றுமில்லை, சி.சி., என்றார் நீருக்குள்ளிருந்து.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் அம்மாவை நகரில் உள்ள வெந்நீர்க் குளத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப் போகின்றேன். துவாய் தூக்குவது என் உத்தியோகம். சென்ற வெள்ளி, பிடி விட்டுப் பத்து அடி நடந்தார். ஐப்பசியில் டாக்டர் என்ன சொல்வாரோ என்று நான் பயப்பட, அவர் பயப்படாமல் மார்கழி முதல் கிழமைக்குத் தமக்கு ஒரு சீட்டும், தூக்குவதற்கு ஆள் வேண்டும் என்று எனக்கு ஒரு சீட்டும் ஆரணனைக் கொண்டு பதிவுசெய்துவிட்டார். நீ இரும்புச்சத்துக் குளிசையை விடாமல் எடு. நோயாளிகளை நீயே தூக்கிப் படுக்க வைக்கிறேன் என்று ஓடாதே, மாப்பிள்ளை சமைக்கிறேன் என்றால் சமைக்க விடு, உப்புக் குறைந்தாலும் வாய் திறவாதே. அம்மா சொல்லச் சொன்னது: அந்தக் கிழவிகள் ஓட்டுகிற மூன்று சில்லுச் சைக்கிள் ஒன்றை வாடகைக்குப் பார்த்து வை, குழந்தையை முன் கூடையில் வைக்கலாமோ என்றும் விசாரி. நான் சொல்வது: நெற்றியில் திருநீற்றோடு நான் அந்தத் தெருவில் நடந்தால், அவர்கள் என்னை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பார்கள் என்று கேட்டு எழுது. கடல்நீரில் கால் வைக்கிறவர்கள் கூட்டம் என்றால் எனக்குச் சம்மதம்.

ஒன்று மறவாதே. இனி எழுதும் கடிதங்களை அம்மாவின் பெயருக்கே எழுது. அவர் எனக்கு வாசித்துக் காட்டுவார். எனக்கு உகந்ததன்று என்று அவர் கருதும் பக்கத்தைத் தம் கைப்பையில் வைத்துக்கொள்வார், அந்த அதிகாரம் இனி அவருக்கு. இந்தக் கடிதத்தை மட்டும் அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டிவிட்டே ஒட்டுகின்றேன். ஓரிடத்திலும் திருத்தவில்லை.

நீரைச் சூடிய பெருமான் உன்னையும் மாப்பிள்ளையையும் வரப்போகும் செல்வத்தையும் தன் நிழலில் வைத்துக் காப்பானாக. உன் வீட்டில் விளக்கு அணையாமலும், அடுப்பில் பால் குறையாமலும், கால் நனைக்க ஆசைப்படுவோர்க்குக் கதவு சாத்தாமலும் இருப்பதாக.

துவாய் சுமக்கும் அப்பா,
க. இராசநாயகம்

(கீழே அம்மாவின் கையெழுத்து: பிள்ளை, எல்லாம் சரியாய்த்தான் எழுதியிருக்கிறார். பத்து அடி இல்லை, பதினாலு. அம்மா, இராசமலர்.)